நொடிக்கு ஒரு கோடி

ஒரே ஆசிலேட்டரை (சீரான மின்னலைகளை எழுப்பும் சுற்று) இரண்டு கவுன்ட்டர்களில், அதாவது அலைகளை எண்ணிக் காட்டும் கருவிகளில், மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் 1,00,00,038 ஹெர்ட்ஸ் என்று வந்தது. மற்றதில் 99,99,971. ஆசிலேட்டரின் மேல்மூடியிலோ 10 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குச் சரியாக ஒரு கோடி அலைகள் என்று அச்சடித்திருந்தது. மூன்றில் எதை நம்புவது? எட்டு இலக்கம் காட்டும் கருவி எட்டு இலக்கத்துக்கும் பொறுப்பேற்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றிரவு அந்த நம்பிக்கை போய்விட்டது.

67 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஒரு கோடியில் 67 என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் நான் அப்போது கட்டிக்கொண்டிருந்தது விஸ்பர் டிரான்ஸ்மிட்டர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008-இல் உருவாக்கிய முறை அது. மிகக் குறைந்த சக்தியில் அனுப்பும் சிக்னல் எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்று உலகெங்கும் உள்ள அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இதை வைத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு அலைவரிசையிலும் விஸ்பருக்கு ஒதுக்கிய இடம் வெறும் 200 ஹெர்ட்ஸ் அகலம்தான். 10 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் பிசகினால், அதே விகிதம் 28 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 188 ஹெர்ட்ஸ். மொத்த இடமும் அந்தப் பிசகுக்கே சரியாகிவிடும். என் சிக்னல் வெளியே போய் விழுந்தால் யாருக்கும் கேட்காது, கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவராது.

கவுன்ட்டர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கவுன்ட்டர் ஒரு நொடி நேரம் கதவைத் திறந்து வைத்து, அதற்குள் எத்தனை அலைகள் நுழைகின்றன என்று எண்ணுகிறது. சரி, அந்த ஒரு நொடியை அதற்குச் சொல்வது யார்? உள்ளே இருக்கும் இன்னொரு குவார்ட்ஸ் படிகம். அந்தப் படிகம் கொஞ்சம் மெதுவாக ஓடினால் கதவு கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்கும், எண்ணிக்கை கூடிவிடும். ஆக, நான் அளந்தது அதிர்வெண்ணையே அல்ல. ஒரு படிகத்தை இன்னொரு படிகத்தோடு ஒப்பிட்டேன், அவ்வளவுதான். சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகு சகஜம். கைக்கடிகாரத்தில் அது ஒரு நாளைக்கு 1.7 நொடி. யாரும் கவனிக்க மாட்டார்கள். 28 மெகாஹெர்ட்ஸில் அதுவே 560 ஹெர்ட்ஸ்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது இன்னும் விலை கூடிய கவுன்ட்டர் அல்ல, நம்பத்தகுந்த ஒரு நொடி. நொடியின் இலக்கணம் 1967-லிருந்து சீசியம்-133 அணுவின் பொறுப்பில் இருக்கிறது. அந்த அணு இரண்டு குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளுக்கு இடையே மாறும்போது வரும் கதிர்வீச்சின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அலைகள் சேர்ந்தால் ஒரு நொடி. சீசியம் கடிகாரத்தை வீட்டில் வைக்க முடியாது. ஆனால் அதன் நொடி பல வழிகளில் நம் வீட்டுக்கே வந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதுதான் இந்த வேலை.

முதலில் கிடைத்தது கணினியின் இணைய நேரம். அது சில மில்லிநொடிகள் முன்பின் ஆடும், அதனால் எதற்கும் ஆகாது என்று பலரும் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தள்ளினேன். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. 10 மில்லிநொடி ஆட்டத்தை ஒரே ஒரு நொடிக்கு எதிரே வைத்தால் நூற்றில் ஒன்று, படுமோசம். ஒரு முழு நாளுக்கு எதிரே வைத்தால் கோடியில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரு வாரத்துக்கு எதிரே வைத்தால் நூறு கோடியில் 17. கடிகாரம் அதேதான், அதன் ஆட்டமும் அதேதான். காத்திருந்த நேரம் மட்டும் நீண்டது, துல்லியம் தானாகக் கூடியது. இந்த ஒரு கணக்கு மனதில் உட்கார்ந்த பிறகு, நான் காசைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். ஆய்வுக்கூடம் விலை கொடுத்து வாங்குவதை நாம் பொறுமை கொடுத்து வாங்கலாம். நமக்கு அவசரமில்லை என்பது பெரிய சொத்து.

இதில் ஒரு குறை உண்டு. ஒரு வாரம் காத்திருந்தால் ஒரு வாரத்தின் சராசரிதான் கிடைக்கும். அதற்குள் இரவில் ஒரு போக்கு, பகலில் ஒரு போக்கு என்று படிகம் பலமுறை மாறியிருக்கும். அதிர்வெண்ணை நகர்த்தும் திருப்பியைச் சற்றே திருப்பிவிட்டு விளைவைப் பார்க்க அடுத்த வாரம் வரை உட்கார்ந்திருக்கவும் முடியாது.

அடுத்து சிற்றலை. அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து டபிள்யூடபிள்யூவி நிலையமும் சீனாவிலிருந்து பிபிஎம் நிலையமும் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் அணுக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட அலையை அனுப்புகின்றன. ரேடியோவில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு நம் ஆசிலேட்டரிலிருந்து ஒரு சிறு கம்பியை ஏரியலுக்குப் பக்கத்தில் நீட்டினால், இரண்டும் கலந்து ஒலி பெருகிப் பெருகி அடங்கும். 10 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒருமுறை பெருகி அடங்கினால் வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸ், அதாவது கோடியில் ஒன்று. காதால் கேட்டே கோடியில் ஒன்றை உணர முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அதற்குக் கீழே போக அயனமண்டலம் விடாது. வானத்தின் அந்த அடுக்கு மேலும் கீழும் நகரும்போது டாப்ளர் விளைவால் வந்து சேரும் அதிர்வெண்ணும் நகர்கிறது. விடியலிலும் அந்தியிலும் அது அதிகம். பயணப் பாதையின் நடுப்புள்ளியில் பொழுது உச்சியில் இருக்கும் நேரம்தான் ஓரளவு அமைதி.

ஜிபிஎஸ் அப்படியல்ல. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ரூபிடியம் அல்லது சீசியம் கடிகாரம் இருக்கிறது, தரைநிலையங்கள் அவற்றை ஓயாமல் கண்காணிக்கின்றன. அவற்றை மேலே அனுப்புவதற்கு முன்பே மனிதர்கள் செய்த ஓர் அளவுத்திருத்தத்தை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும், வேகமாகப் பறப்பதால் கொஞ்சம் மெதுவாகும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளுக்கு 38 மைக்ரோநொடி வேகம் மிஞ்சும். அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய ஆசிலேட்டரைத் தரையிலேயே 10.22999999543 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள். ஐன்ஸ்டீனின் சார்பியலை ஒரு திருப்பியில் திருப்பி வைத்த மாதிரி.

அந்த நொடியை வீட்டில் பெறுவதற்கு ஒரு சின்ன ஜிபிஎஸ் மாட்யூல் போதும். நான் எடுத்தது நியோ-6எம். அதில் பிபிஎஸ் (நொடித் துடிப்பு) என்று ஒரு கால், அதாவது இணைப்பு முனை, இருக்கும், சில பலகைகளில் அதை வெளியே கொண்டுவராமல் எல்இடியோடு விட்டிருப்பார்கள். அங்கே ஒரு மெல்லிய கம்பியைச் சால்டர் செய்து எடுக்க வேண்டும். மாட்யூல் போதுமான செயற்கைக்கோள்களைப் பிடித்ததும் நொடிக்கு ஒரு துடிப்பு வரும். ஒவ்வொரு துடிப்பும் சரியான இடத்திலிருந்து சுமார் 30 நானோநொடி முன்பின் விழும், ஆனால் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போகாது. நூறு நொடி கழித்தும் பிசகு அதே அளவுதான். ஆயிரம் நொடி கழித்தும் அதேதான். இணைய நேரத்தில் கற்ற கணக்கு இங்கே லட்சம் மடங்கு நல்ல கடிகாரத்தோடு மறுபடி வருகிறது.

மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் ஒன்று என்னிடம் இருந்தது, சிறியது, பழையது. பிபிஎஸ் துடிப்பை டிரிகருக்கு (எப்போது படம் பிடிப்பது என்று சொல்லும் உள்ளீடு) கொடுத்து, ஆசிலேட்டரின் அலையை இன்னொரு சேனலில் காட்டினேன். (பழைய அனலாக் ஸ்கோப்பில் இது சரிப்படாது. நொடிக்கு ஒரே ஒருமுறை ஓடும் கோடு கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலாக இருக்கும்.) ஸ்கோப் நொடிக்கு ஒருமுறை படம் பிடிக்கிறது. ஆசிலேட்டர் சரியாக ஒரு கோடி முறை துடித்திருந்தால் அலை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். கொஞ்சம் பிசகினால் அலை மெல்ல ஒரு பக்கமாக நடக்கும். ஓர் அலையின் நீளம் 100 நானோநொடி. ஒரு முழு அலை நகர்ந்துபோக 10 நொடி ஆனால் பிசகு 0.1 ஹெர்ட்ஸ், அதாவது பத்துக் கோடியில் ஒன்று. 100 நொடி ஆனால் நூறு கோடியில் ஒன்று. கருவி என்று பார்த்தால் இதில் ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டும் கூடுதல்.

அந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. ஆசிலேட்டர், ஏதோ பழைய தகவல்தொடர்புக் கருவியிலிருந்து கழற்றிய ஓவன் வகை. படிகத்தை ஒரு சிறு சூட்டறைக்குள் அடைத்து ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும். மின்னழுத்தம் கொடுத்து அதிர்வெண்ணை நகர்த்த ஒரு கால் உண்டு, அதற்குத் திருப்பியாகப் பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று மாட்டியிருந்தேன். திரையில் அலை வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் முன்பின் குதிக்கிறது, அது பிபிஎஸ்ஸின் 30 நானோநொடி ஆட்டம். குதிப்பதை விட்டுவிட்டு மொத்தமாக எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். திருப்பியை மயிரிழை அளவு திருப்புவேன், கையை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். பத்து நொடிக்கு ஓர் அலை. இன்னும் கொஞ்சம். நாற்பது நொடி. இன்னும் கொஞ்சம். பிறகு நின்றது. மூன்று நிமிடம் பார்த்தேன், இடத்தை விட்டு அசையவில்லை. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், சொல்ல ஆளில்லை. நோட்டில் தேதி போட்டு ‘நின்றது’ என்று எழுதி வைத்தேன்.

அது தப்பு. நொடிக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிறவனுக்கு, ஒரு கோடி முறை துடிக்கும் அலையும் ஒரு கோடியே மூன்று முறை துடிக்கும் அலையும் ஒன்றுபோல்தான் தெரியும். முழு எண்ணிக்கையில் எவ்வளவு பிசகினாலும் அலை நிற்கும். நடுவில் மூன்று அலைகள் கூடுதலாக வந்து போனதை ஸ்கோப் எப்படிப் பார்க்கும்? அரை ஹெர்ட்ஸுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட ஆசிலேட்டருக்குத்தான் இந்த முறை பொருந்தும். என் கவுன்ட்டர்கள் இரண்டும் முப்பது ஹெர்ட்ஸுக்கு மேல் பிசகுகிறவை, அவற்றால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

உண்மையைச் சொன்னது ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி. அர்டுய்னோ உனோவில் இருக்கும் அதே ஏடிமெகா328 சிப்தான், ஆனால் அதன் சொந்தப் படிகத்தை எடுத்துவிட்டு, ஓவன் ஆசிலேட்டரின் 10 மெகாஹெர்ட்ஸையே அதன் கடிகாரமாகக் கொடுத்தேன். இப்போது சிப்பின் ஒவ்வொரு துடிப்பும் ஆசிலேட்டரின் ஒரு துடிப்பு. பிபிஎஸ் வரும்போது ‘இன்புட் கேப்சர்’ காலில் கொடுத்தால், அந்தக் கணத்தில், துடிப்புகளை எண்ணும் டைமரின் எண் என்ன என்பதை வன்பொருளே குறித்துக்கொள்ளும். நிரலின் தாமதம் இதில் சேராது. டைமர் 16 பிட், 65,536 வந்ததும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஒரு கோடியை அது எப்படி எண்ணும் என்று தோன்றலாம். எண்ண வேண்டியதே இல்லை. ஒரு கோடியை 65,536-ஆல் வகுத்தால் ஈவு 152, மீதி 38,528. ஆசிலேட்டர் சரியாக இருந்தால் ஒவ்வொரு நொடியும் டைமரின் எண் முந்தைய நொடியைவிட 38,528 கூடியிருக்கும். எத்தனை முறை சுற்றியது என்ற கவலை வேண்டாம், மீதி ஒன்றே போதும்.

என் திரையில் வரிசையாக வந்தது 38,531. மறுபடி 38,531. மறுபடியும். மூன்று கூடுதல். நின்றுவிட்டது என்று எழுதி வைத்த ஆசிலேட்டர், நொடிக்கு மூன்று துடிப்பு அதிகமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு வேலை சுலபமாகிவிட்டது. எண் 38,528 ஆகும்வரை திருப்பினேன், அங்கிருந்து ஸ்கோப்பில் அலையை நிறுத்தினேன், கடைசி நுணுக்கத்துக்கு மைக்ரோகன்ட்ரோலரை இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒரு நொடியில் அதற்கு ஒரு துடிப்புக்குக் கீழே தெரியாது. ஆனால் பிசகுகளைக் கூட்டிக்கொண்டே போனால், 10,000 நொடியில், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரே ஒரு துடிப்பு மிஞ்சினால்கூட அது பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. என் ஆசிலேட்டருக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. பல இரவுகளில் 20 துடிப்பு அளவில் வந்து நின்றது. அதுவே 500 கோடியில் ஒன்று, 0.002 ஹெர்ட்ஸ்.

இந்த இரவு நேரப் பதிவுகளில்தான் நான் அதிகம் கற்றேன். ஒரு நாள் அதிகாலையில் வரைபடம் திடீரென்று வளைந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், யாரோ ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள், காற்று நேராக ஆசிலேட்டர் மேல் பட்டிருக்கிறது. உள்ளே சூட்டறை இருந்தும் இந்தக் கதி. ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினேன், வளைவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இன்னொரு நாள் ஆசிலேட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன், அதிர்வெண் நூறு கோடியில் ஒன்றிரண்டு மாறியது. புவியீர்ப்பு படிகத்தை வேறு திசையில் இழுக்கிறது, அதனால் வரும் மாற்றம். எந்த நிலையில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த நிலையில் வைத்தே திருத்த வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் முந்தைய இடத்துக்கு அப்படியே திரும்பாது. சில மணி நேரமாவது சூடேற வேண்டும், நெடுநாள் கிடப்பில் கிடந்ததென்றால் பல நாட்கள். எத்தனை நுணுக்கமாகத் திருப்பினாலும் சூடேறாத ஆசிலேட்டரைத் திருத்துவது வீண் வேலை.

அப்புறம் அந்த இரண்டு கவுன்ட்டர்களையும் திறந்தேன். உள்ளே படிகத்துக்குப் பக்கத்தில், அதன் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்த ஒரு சின்ன டிரிம்மர் கெபாசிட்டர் இருந்தது. உலோக ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் 1,00,00,000 வரும், எடுத்ததும் எண் எங்கோ ஓடிவிடும். டிரைவரும் அதைப் பிடித்த கையும் சேர்ந்து கெபாசிட்டருக்குக் கொஞ்சம் கொள்திறனைக் கூட்டிவிடுகின்றன. பழைய பல்துலக்கியின் கைப்பிடியை உரசித் தட்டையாக்கி ஒரு பிளாஸ்டிக் திருப்பி செய்துகொண்டேன். படிகத்தின் காலில் ஸ்கோப் புரோபை வைப்பதும் இதே தவறுதான், சுற்றில் பஃபரின் (அளப்பதால் படிகம் பாதிக்காமல் காக்கும் இடைநிலை) வெளிவாயிலில்தான் அளக்க வேண்டும். மூடியைக் கழற்றி வைத்துத் திருத்திவிட்டு மூடினால் உள்ளே வெப்பம் ஏறி மறுபடி நகரும் என்பதால், மூடியில் டிரிம்மருக்கு நேராக ஒரு துளை போட்டேன்.

ஜிபிஎஸ்ஸிலும் ஓர் எச்சரிக்கை. சில மாட்யூல்கள் செயற்கைக்கோள் தொடர்பு அறுந்த பிறகும் தம் சொந்தப் படிகத்தை வைத்துத் துடிப்பைத் தொடர்ந்து அனுப்பும். ஒரு மணி நேரம் பொய்யான நொடியைச் சராசரியில் சேர்த்துவிட்டால் முழு இரவும் வீண். ஒவ்வொரு நொடியும் தொடர்பு இருக்கிறதா என்று மாட்யூல் சொல்வதையும் சேர்த்துப் பதிவு செய்வது நல்லது. ஏரியலுக்கு வானம் நன்றாகத் தெரிய வேண்டும். ஜன்னல் ஓரத்தைவிட மாடிச்சுவரின் மேல் வைத்தபோது பதிவுகள் கண்ணுக்குத் தெரியும் அளவு சுத்தமாயின.

ஒரு கட்டத்துக்கு மேல் திருப்புவதையே நிறுத்திவிட்டேன். இதில் எனக்கு வழிகாட்டி ஜான் ஹாரிசன். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய அவர் செய்த எச்4 கடிகாரத்தை 1761-இல் கப்பலேற்றி ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 81 நாட்களுக்குப் பிறகு அது 5.1 நொடிதான் பின்தங்கியிருந்தது. நாளுக்கு இவ்வளவு பிசகும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்த போக்கைக் கழித்த பிறகு கிடைத்த கணக்கு அது. கடிகாரம் பிசகாமல் ஓட வேண்டும் என்று ஹாரிசன் பிடிவாதம் பிடிக்கவில்லை, ஒரே மாதிரி பிசகினால் போதும் என்றிருந்தார். என் ஆசிலேட்டரும் வயதாக ஆக மெல்ல நகர்கிறது. திருத்திய வாரத்தில் 0.002 ஹெர்ட்ஸ் கூடுதல், மூன்றாம் மாதம் 0.006, ஆறாம் மாதம் 0.009. ஒவ்வொரு முறையும் திருப்பியைத் தொட்டால் படிகத்தின் போக்கு எது, என் கையின் போக்கு எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். அதனால் எண்ணை நோட்டில் எழுதுகிறேன், டிரான்ஸ்மிட்டரின் நிரலில் அந்த எண்ணைக் கழித்துக்கொள்கிறேன்.

போன வாரம் 28 மெகாஹெர்ட்ஸில் விஸ்பரை ஓடவிட்டேன். அனுப்பிய அதிர்வெண் 28.126100 மெகாஹெர்ட்ஸ். சிக்னலைப் பிடித்தவர்களின் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் 28.126098 என்று குறித்திருந்தார், இன்னொருவர் 28.126101, மூன்றாமவர் 28.126141. முன்பு என்றால் மூன்றாவதைப் பார்த்ததும் டிரான்ஸ்மிட்டரைத் திறந்திருப்பேன். அந்த 41 ஹெர்ட்ஸ் அவருடைய ரிசீவரில் இருக்கிறது. அவருக்கு எழுதினேன். எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து.